தெரிந்த சொல்தான் ஏமாற்றுகிறது

போன வாரம் வகுப்பில் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம் நடத்திக்கொண்டிருந்தேன். முதல் அங்கம், நான்காம் காட்சி. இறந்துபோன அப்பாவின் ஆவி கையசைத்துக் கூப்பிடுகிறது. ஹாம்லெட் அதன் பின்னாலேயே போகப் பார்க்கிறான். கூட இருக்கும் ஹொரேஷியோவும் மார்செல்லஸும் ஆபத்து என்று அவனைப் பிடித்து இழுக்கிறார்கள். என்னை 'லெட்' செய்கிறவன் எவனோ அவனையும் ஆவியாக்கிவிடுவேன் என்று கத்துகிறான் ஹாம்லெட். ஒரு மாணவி எழுந்தாள். "சார், போக விடுறவனை எதுக்குக் கொல்லணும்?"

அந்தக் கேள்வி எனக்கு அவ்வளவு பிடித்தது. அவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். கடினமான சொல் ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் பொருள் எழுதியிருந்தாள். 'லெட்' மேல் மட்டும் ஒன்றும் இல்லை. ஏன் எழுதப் போகிறாள்? ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரிந்த சொல்லாயிற்றே.

அந்த வரியில் 'லெட்' என்றால் தடு. பழைய ஆங்கிலத்தில் இரண்டு தனித்தனி வினைச்சொற்கள் இருந்தன. ஒன்றுக்கு விடு என்று பொருள். இன்னொன்றுக்குத் தாமதப்படுத்து, தடு என்று பொருள். நாம் தினமும் சொல்லும் 'லேட்' அதற்கு உறவுமுறை. போகப் போக இரண்டும் ஒரே ஒலிக்கு வந்துவிட்டன. தடுக்கிற 'லெட்' மெல்ல வழக்கொழிந்தது, ஆனாலும் முழுசாகப் போய்விடவில்லை. வீட்டு பீரோவில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். குடியரசுத் தலைவரின் பெயரால் வேண்டிக்கொள்ளும் அந்த வாசகத்தில், இவரை 'லெட்' இல்லாமல், இடையூறு இல்லாமல் போக விடுங்கள் என்று இருக்கும். ஹாம்லெட் சொன்ன அதே 'லெட்'தான். நான் அடுத்த வகுப்புக்கு என் பாஸ்போர்ட்டையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

இதைத்தான் ஆங்கில இலக்கியம் நடத்துகிற எல்லாரிடமும் சொல்ல ஆசைப்படுகிறேன். பழைய ஆங்கிலப் பாடத்தில் பிள்ளைகள் இடறுவது கஷ்டமான சொல்லில் இல்லை. கஷ்டமான சொல் வந்தால் அகராதிக்குப் போகிறார்கள். தெரிந்த சொல் வந்தால் நிற்காமல் தாண்டிப் போகிறார்கள், தப்பான பொருளோடு. நான் பார்த்த பல நோட்ஸ் புத்தகங்களும் அப்படியேதான் தாண்டிப் போகின்றன. ஜூலியட் 'வேர்ஃபோர்' என்று கேட்பதை, ரோமியோ எங்கே இருக்கிறாய் என்று தேடுவதாகவே எத்தனையோ பேர் நினைத்திருக்கிறார்கள். அவள் கேட்பது எங்கே என்று இல்லை, ஏன் என்று. ஏன் நீ ரோமியோவாக, பகைவர் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தாய்? அடுத்த வரியிலேயே, உன் அப்பனை மறுத்துவிடு, பெயரை விட்டுவிடு என்கிறாள். ஏன் என்று படித்தால்தான் அந்த வரியே பொருந்தும்.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் செடிகளையும் பழ மரங்களையும் மனிதருக்கு 'மீட்' ஆகக் கொடுப்பதாகக் கடவுள் சொல்கிறார். செடி எப்படி இறைச்சியாகும்? அன்றைக்கு அந்தச் சொல்லுக்குப் பொதுவாக உணவு என்றே பொருள். 119ஆம் சங்கீதத்தில் ஒருவர் விடியலை 'பிரிவென்ட்' செய்தேன் என்கிறார். விடியலைத் தடுத்தார் என்று படித்தால் ஒன்றும் புரியாது. லத்தீனில் அது முன்னால் வருதல். அவர் விடிவதற்கு முந்தி எழுந்துவிட்டார், அவ்வளவுதான். முந்திப் போகிறவன் பின்னால் வருகிறவனின் வழியை மறிக்கலாம் அல்லவா, அப்படித்தான் தடுத்தல் என்ற பொருள் வந்து சேர்ந்தது. குழந்தைகள் என்னிடம் வர 'சஃபர்' செய்யுங்கள் என்று இயேசு சொல்வதும் இதே கதை. அங்கே துன்பம் எதுவும் இல்லை, அனுமதியுங்கள் என்கிறார்.

இதில் நமக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் வீட்டிலேயே தமிழ் வேதாகமம் இருக்கிறது. 'மீட்' வருகிற இடத்தில் அதில் 'ஆகாரம்' என்று இருக்கும். 'சஃபர்' வருகிற இடத்தில் 'இடங்கொடுங்கள்'. தெசலோனிக்கேயர் நிருபத்தில் 'பிரிவென்ட்' வருகிற இடத்தில் 'முந்திக்கொள்வதில்லை'. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே திணறும் வசனம் தமிழில் பளிச்சென்று இருக்கிறது. ஆங்கில வகுப்பில் தமிழே கூடாது என்று விரட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அப்புறம் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகம். பைத்தியக்காரப் பிச்சைக்காரனாக வேஷம் போட்டிருக்கும் எட்கர், எலிகளையும் சுண்டெலிகளையும் 'சின்னச் சின்ன டீர்' என்று சொல்லி, ஏழு வருஷமாக அதுதான் தன் சாப்பாடு என்கிறான். மான் இங்கே எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் விழிப்பார்கள். அந்தச் சொல்லுக்கு முதலில் விலங்கு என்றே பொருள். ஜெர்மனில் அதன் இனச்சொல்லுக்கு இன்றைக்கும் அதே பொருள். இதை விளக்க நான் மிருகசீரிடத்தைக் காட்டுவேன். சமஸ்கிருதத்தில் மிருகம் என்றால் விலங்கும் உண்டு, மானும் உண்டு. நாம் விலங்கை மிருகம் என்கிறோம். நட்சத்திரத்தின் பெயரிலோ அது மானின் தலை. இப்படிச் சொன்னதும் வகுப்பு சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

அதே நாடகத்தில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம், லியர் புத்தி தெளிந்து தன் மகள் கார்டிலியாவைப் பார்க்கும் இடம். தன்னை 'ஃபாண்ட்' ஆன கிழவன் என்கிறான். இன்றைய பொருளில் பாசமுள்ள கிழவன் என்று படித்தால் அவன் தன்னைத் தானே பாராட்டிக்கொள்வது போல ஆகிவிடும். அன்றைக்கு அந்தச் சொல்லில் மடமை இருந்தது, வயதான காலத்துப் பேதைமை இருந்தது. நாட்டைப் பங்கு போட்டுக் கொடுத்து, உண்மை பேசிய மகளைத் துரத்திய ஒரு தகப்பன், அவள் எதிரிலேயே நான் முட்டாள் என்று ஒப்புக்கொள்கிறான். ஒரு சொல்லைத் தவறாகப் படித்தால் அந்த ஒப்புதல் பாதி போய்விடுகிறது.

சரி, என்ன செய்யலாம்? ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதி, 1884இல் பகுதி பகுதியாக வரத் தொடங்கி 1928இல் முடிந்த அந்தப் பெரிய வேலை, ஒரு சொல்லின் பொருள்களைப் பழையதிலிருந்து புதியதாக, ஆண்டு போட்ட மேற்கோள்களோடு அடுக்கிக் காட்டுகிறது. கல்லூரி நூலகத்தில் அது இருந்தால் பிள்ளைகளைக் கையோடு கூட்டிப்போய் 'லெட்', 'மீட்', 'நைஸ்' போன்ற சின்னச் சொற்களைத் தேடச் சொல்லுங்கள். 'நைஸ்' அறியாதவன் என்ற லத்தீன் சொல்லில் தொடங்கி, முட்டாள், நுணுக்கம் பார்க்கிறவர் என்றெல்லாம் நடந்து, இனிமைக்கு வந்து சேர்ந்த வழி முழுவதும் அங்கே இருக்கிறது.

என் வகுப்பில் வரும் திங்கட்கிழமை லியர் தொடங்குகிறோம். பென்சிலைத் தெரிந்த சொற்களின் மேல் வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் தமிழ் வேதாகமம் இருப்பவர்கள் அதையும் எடுத்து வருவதாகச் சொன்னார்கள்.