பிளக் மரை போனால் டெஃப்லான் டேப் சுற்றலாமா?

ஊட்டி, குன்னூர் பைக் குழுக்களில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: "ஸ்பார்க் பிளக் மரை போய்விட்டால் டெஃப்லான் டேப் சுற்றி முறுக்குங்கள், இல்லையென்றால் ஹெட்டையே மாற்ற வேண்டும்." இரண்டுமே தவறு. (மரை என்பது பிளக் திருகி ஏறும் புரி; அது ஹெட்டில், அதாவது எஞ்சின் சிலிண்டரின் மேல்மூடியில் இருக்கிறது.)

டெஃப்லான் டேப் தண்ணீர்க் குழாய்க்கானது. சுமார் 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது சிதையத் தொடங்கும். பிளக்கின் முனையோ 500 டிகிரியைத் தாண்டும். பிளக்கைப் பிடித்து நிறுத்துவது மரைதான், டேப் அல்ல. பிடிப்பில்லாத பிளக்கோடு பர்லியாரிலிருந்து குன்னூர் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முறுக்கிப் போனால், உள்ளிருக்கும் அழுத்தம் அதைப் பிடுங்கி எறியலாம். (எந்தத் தேயிலைப் புதரில் போய்த் தேடுவது?)

சரியான வழி, நல்ல பட்டறையில் ஹெட்டில் பிளக் மாட்டும் ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, ஹெலிகாயில் என்கிற எஃகுச் சுருளைப் பொருத்துவது. அலுமினிய ஹெட்டின் பழைய மரையைவிட இது உறுதியானது. பிளக் மரை 10, 12, 14 மில்லிமீட்டர் என்று வண்டிக்கு வண்டி மாறும். அளவு பார்த்து வாங்குங்கள். ஹெட்டைக் கழற்றிச் செய்தால் உலோகத் தூள் சிலிண்டருக்குள் விழாது. ஹெட் விரிசல் விட்டிருந்தால் மாற்றுவது வேறு கதை.

அப்புறம், புது பிளக்கை எஞ்சின் ஆறிய பிறகு முதலில் கையாலேயே சுற்றி ஏற்றுங்கள். மரை போவதே பெரும்பாலும் கோணலாக வைத்து ஸ்பானரால் முறுக்குவதால்தான்.