அந்தச் சதவீதத் தாள் யால்டாவில் எழுதப்பட்டதல்ல
இரண்டாம் உலகப் போரின் கடைசியில் கிரிமியாவின் யால்டா நகரில் நடந்த மாநாட்டில், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில், சோவியத் தலைவர் ஸ்டாலின் மூவரும் ஒரு தாளில் சதவீதம் எழுதிக் கிழக்கு ஐரோப்பாவைப் பங்கு போட்டார்கள் என்கிறீர்கள். இது தவறு. அந்தத் தாளைச் சர்ச்சில் ஸ்டாலினிடம் நீட்டியது 1944 அக்டோபர் 9 இரவு, மாஸ்கோவில். ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90 சதவீதச் செல்வாக்கு, கிரீஸில் பிரிட்டனுக்கு 90, யூகோஸ்லாவியாவில் பாதிக்குப் பாதி. ஸ்டாலின் நீலப் பென்சிலால் ஒரு டிக் போட்டார். ரூஸ்வெல்ட் அப்போது அமெரிக்காவில் இருந்தார். போலந்து அந்தப் பட்டியலிலேயே இல்லை.

யால்டா நடந்தது 1945 பிப்ரவரியில். சரி, போலந்தின் கிழக்குப் பகுதியை அங்கே சோவியத் யூனியனுக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்று குற்றம் சொல்லுங்கள், அது நியாயம். ஆனால் போலந்தில் சுதந்திரமான தேர்தல் நடத்துவதாகவும் அங்கேதான் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதை ஸ்டாலின் மீறினார். சோவியத் ராணுவமான செஞ்சேனை மாநாட்டுக்கு முன்பே, ஜனவரியிலேயே, போலந்தின் தலைநகர் வார்சாவுக்குள் நுழைந்துவிட்டிருந்தது.