அம்மாவிடம் கிரெடிட் கார்டு இல்லை

சித்தப்பா மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தான். அவனுடைய கிரெடிட் கார்டு நிறுவனம் அனுப்பிய எச்சரிக்கை அது. உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் (அங்கே ஆளுக்கொன்றாக அரசாங்கம் தரும் அடையாள எண்) இணையக் கள்ளச்சந்தையில் கிடைக்கிறது, கவனமாக இருங்கள் என்று. கீழே இவன் சேர்த்த வரி: 'இங்கே இதெல்லாம் சும்மா தருகிறார்கள். மலேசியாவில் உண்டா?' அத்தைமார்கள் வரிசையாகக் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். எதற்கு என்று அவர்களுக்கே தெரியாது.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். 'சரி தம்பி, எச்சரிக்கை வந்தது. அப்புறம் நீ என்ன செய்தாய்?' இரண்டு நாளாகப் பதில் இல்லை.

அது வீண் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று பெரிய கடன் தகவல் நிறுவனங்கள். உங்கள் பெயரில் எவனாவது கடனுக்கு மனுப் போட்டால், அந்தத் தடம் இவற்றில் ஏதோ ஒன்றில் விழும். கார்டு நிறுவனம் அதைப் பார்த்து உங்களுக்குச் சொல்கிறது. பெரும்பாலும் ஒன்றையோ இரண்டையோதான் பார்க்கும், மூன்றையும் அல்ல. 2017இல் அந்த ஈக்விஃபேக்ஸிலிருந்தே சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரம் திருடு போனது. அடுத்த வருடம் செப்டம்பரில் அங்கே ஒரு சட்டம் நடப்புக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் தன் கடன் பதிவைக் காசில்லாமல் முடக்கி வைக்கலாம். முடக்கிவிட்டால் அதைப் பார்க்க முடியாத வங்கி பொதுவாகப் புதுக் கடன் கொடுக்காது. என்னைக் கேட்டால் அதுதான் உருப்படியான காரியம். எச்சரிக்கை என்பது ஜாகாவின், அதாவது காவலாளியின், விசில். திருடன் உள்ளே போன பிறகும் அவர் ஊதலாம். பூட்டு வேறு.

தம்பி பூட்டவில்லை. விசிலைப் படம் பிடித்துக் குழுவில் போட்டான்.

இனி நம்ம கதை. மூன்று வருடத்துக்கு முன்னால் பட்டர்வொர்த்தில் அம்மா வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. கடன் வசூல் ஆட்கள் அனுப்பியது. அம்மா பெயரில் இரண்டு கைப்பேசி இணைப்பு, மாதக் கட்டணம் கட்டவில்லை, 1,900 ரிங்கிட்டுக்கு மேல் பாக்கி. அம்மா வைத்திருப்பது பத்து ரிங்கிட் டாப்-அப் போடும் பழைய போன். அதிலும் பாதி நேரம் சார்ஜ் இருக்காது. கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். மூன்றாவது கடிதம் வந்த பிறகுதான் எனக்குப் போன் செய்தார். 'நான் ஒண்ணும் வாங்கலையேப்பா' என்று அவர் சொன்ன குரல், ஏதோ தப்பு செய்தவர் குரல் மாதிரி இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது அந்தக் குரலைக் கேட்டுத்தான்.

கோலாலம்பூரிலிருந்து கிளம்பிப் போனேன். போலீஸ் ரிப்போர்ட் செய்தோம். அப்புறம் அந்தக் கைப்பேசி நிறுவனத்தின் கவுன்டர். கையெழுத்து அம்மாவுடையது இல்லை என்று நாங்கள்தான் நிரூபிக்க வேண்டுமாம். அங்கே கேட்ட முதல் ஆவணம் எது தெரியுமா? ஐசியின், அதாவது அடையாள அட்டையின், போட்டோஸ்டாட். முன்பக்கம், பின்பக்கம், இரண்டும். ஐசி நகலை எவனோ தவறாகப் பயன்படுத்திவிட்டான் என்று புகார் கொடுக்க, இன்னொரு ஐசி நகல். நான்கு மாதம் ஆயிற்று பெயரை விடுவிக்க.

இந்த நான்கு மாதமும் என் கார்டு வங்கி எனக்கு ஒழுங்காகக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. பெட்ரோலுக்கு 60 ரிங்கிட், மளிகைக்கு 112 ரிங்கிட். நல்ல சேவைதான். கார்டு தொலைந்து எவனாவது தேய்த்தால்கூட, மோசடியில் நமக்குப் பங்கில்லாமல், தாமதிக்காமல் வங்கிக்குச் சொல்லிவிட்டால் நம் தலையில் விழுவது அதிகபட்சம் 250 ரிங்கிட் என்று நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா எல்லை போட்டிருக்கிறது. கார்டு திருட்டுக்கு எல்லை உண்டு. பெயர் திருட்டுக்கு?

இங்கேதான் எனக்கு இந்த இலவச எச்சரிக்கை மேல் வழக்கு. கார்டு வாங்க வருடத்துக்குக் குறைந்தது 24,000 ரிங்கிட் வருமானம் வேண்டும். அம்மாவுக்கு இல்லை. தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த பெரியப்பாவுக்கு இல்லை. கார்டோடு வரும் காவல் கார்டு உள்ளவனுக்குத்தான். ஆனால் திருடனுக்கு வசதி யாருடைய ஐசி? கடனே வாங்காத, கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைக்கிறவர்களுடைய சுத்தமான ஐசிதான். வட்டி முதலைகள் விஷயம் இன்னும் மோசம். உரிமம் இல்லாதவன் கொடுக்கும் கடன் எந்தப் பதிவிலும் ஏறாது. வீட்டு கேட்டில் சிவப்புச் சாயம் வீசுவதுதான் அவர்கள் அனுப்பும் எச்சரிக்கை.

விவரம் எப்படி வெளியே போகிறது என்று கேட்பவர்களுக்கு: 2017இல் 4 கோடியே 62 லட்சம் மலேசியக் கைப்பேசி எண்களின் விவரம் கசிந்தது. நாட்டின் ஜனத்தொகையைவிட அதிகம். பல பதிவுகளில் ஐசி எண்ணும் முகவரியும் சேர்ந்தே இருந்தன. ஐசி எண்ணில் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்கு என்றால் 07. மீதி நான்குதான் ரகசியம். அதையும் நாமே கொண்டோமினிய ஜாகாவிடம், மோட்டார் கடையில், கல்யாண மண்டப முன்பதிவில் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வருகிறோம்.

தம்பியின் கேள்விக்குப் பதிலும் சொல்லிவிடுகிறேன். இங்கே உண்டு, கார்டே இல்லாமல். நம் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் பேங்க் நெகாராவின் சிக்ரிஸ் அறிக்கையை, ஒரு தடவை பதிவு செய்துகொண்டால் இ-சிக்ரிஸ் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பலர் நேரே கடைசி 12 மாதத் தவணை விவரத்துக்குப் போவார்கள். நான் முதலில் பார்ப்பது கடன் மனுக்கள் பகுதியை. நாம் போடாத மனு அங்கே இருந்தால் அதுதான் உண்மையான அபாய மணி. (சிக்ரிஸில் 'பிளாக்லிஸ்ட்' என்று எதுவும் கிடையாது. அந்த டீக்கடைப் பேச்சை விட்டுவிடலாம். கடன் தருவதும் மறுப்பதும் வங்கியின் முடிவு.) சிடோஸ் என்பது தனியார் கடன் தகவல் நிறுவனம். வழக்கு விவரம், வங்கி அல்லாத சில பாக்கிகள் அதில் தெரியும். ஆனால் அங்கே தொடர் கண்காணிப்புக்கு ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும்.

தானாக வரும் எச்சரிக்கையை நம்புவதிலும் ஒரு சிக்கல். 'உங்கள் பெயரில் மோசடி நடக்கிறது, பேங்க் நெகாராவிலிருந்து பேசுகிறோம்' என்று ஆரம்பிக்கும் அழைப்பே இங்கே பெரிய மோசடி. அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அப்படி யார் பேசினாலும் வைத்துவிடு. பணம் கைமாறிவிட்டது என்றால் மட்டும் தாமதிக்காமல் உன் வங்கிக்கோ, மோசடிப் புகாருக்கான 997க்கோ அடி.

வங்கிகளிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. ஒவ்வொரு கார்டுக்கும் வருடம் 25 ரிங்கிட் சேவை வரி கட்டுகிறோம், அது அரசாங்கத்துக்குப் போகிறது, போகட்டும். நீங்கள் சலுகை, புள்ளி, விமான நிலைய ஓய்வறை என்று எவ்வளவோ தருகிறீர்கள். என் அம்மா பெயரில் யாருக்கும் கடன் கொடுக்காதே என்று முன்கூட்டியே ஒரே இடத்தில் சொல்லிவைக்க ஓர் எளிய வழி கேட்டால் ஏன் விழிக்கிறீர்கள்?

போன மாதம் அம்மா தவணையில் ஐஸ்பெட்டி வாங்கினார். கடைப் பையன் ஐசி நகல் கேட்டான். அம்மா அவனிடமே பேனா வாங்கி, நகலின் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, நடுவில் தமிழில் எழுதினார்: 'ஐஸ்பெட்டிக்கு மட்டும்'. தேதியும் போட்டார். பையன் சீனன். இதை யார் படிப்பது அம்மா என்று நான் கேட்டேன். 'கோடு தெரியுதில்ல, போதும்' என்றார்.