பாட்டுக்கும் சென்டம் கேட்காதீங்க

குமரி மாவட்டத்துப் பெற்றோர்களிடமும் பாட்டு வாத்தியார்களிடமும் ஒன்றை நேராகவே கேட்கிறேன். பிள்ளைகள் பாட்டு படிக்கிற இடத்துக்குள் பரீட்சைப் பயத்தை விடாதீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் கல்லூரியில் கணிதம் படிக்கிறேன். வீடு தக்கலைப் பக்கம். சின்ன வயதிலேயே வயலின் கையில் வந்துவிட்டது. எதுவாக இருந்தாலும் முழுசாகச் சரியாக வந்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவேன் என்கிற குணமும் கூடவே வந்தது. பெர்ஃபெக்‌ஷனிசம் என்று அதற்கொரு பெயர் இருப்பதே பின்னால்தான் தெரியும். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது நல்ல குணம். "அந்தப் பிள்ளைக்கு என்ன சிரத்தை!" என்பார்கள். உள்ளே நடப்பது வேறு. வர்ணம் என்கிற பயிற்சி உருப்படியை வாசிக்கும்போது, தொடக்கப் பகுதியான பல்லவியில் ஒரு இடம் பிசகினால் முதலிலிருந்து. மறுபடி பிசகினால் மறுபடியும் முதலிலிருந்து. கடைசியில் பல்லவி மட்டும் கைக்குள் இருக்கும், கடைசிப் பகுதியான சரணம் பக்கம் போயே இருக்க மாட்டோம். ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் வாசித்துப் பழகுவது. வீட்டுக்கு வந்த அத்தை "ஒண்ணு வாசி மக்களே, கேப்போம்" என்று ஆசையாகக் கேட்டால் வயிறு கலங்கும். "இன்னும் சரியா வரல்லே அத்தே" என்று சொல்லித் தப்பிப்பது பழகிவிடும்.

இதில் எனக்குப் பெரிய வேதனை என்ன தெரியுமா? பாட்டு பிடிக்காதவர்களுக்கு இந்த நோவு கிடையாது. பிடித்தவர்களுக்குத்தான். காதில் நல்ல சங்கீதம் நிறைய ஏறியிருக்கும், விரல் அந்த அளவுக்கு வளர்ந்திருக்காது. அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் நன்றாகக் கேட்கத் தெரிந்த பிள்ளைகளே முதலில் வாத்தியத்தை மூடி வைக்கிறார்கள்.

போனில் டியூனர் ஆப் வந்த பிறகு இது இன்னும் மோசம். சுரம் சரியாக நின்றால் பச்சை, விலகினால் சிவப்பு. தந்தியைச் சுருதி சேர்க்க அது நல்ல துணை, மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டே தோடி ராகம் வாசித்துப் பாருங்கள். தோடியின் காந்தாரம், அதாவது 'க', ஒரு இடத்தில் நிற்கிற சுரமே இல்லை. கமகத்தில் மேலும் கீழும் அசைந்தால்தான் அது தோடி. டியூனர் முள் அங்கும் இங்கும் ஓடும், பச்சையில் நிற்காது. பச்சைக்காக அந்தச் சுரத்தை அசையாமல் பிடித்தால் தோடி போய்விடும். கீபோர்டும் அப்படித்தான். அதில் அந்தர காந்தாரம், அதாவது மேல்நிலைக் 'க', இயற்கையாகச் சுருதி சேர்கிற இடத்தைவிட சுமார் 14 சென்ட் கூடுதலாக வைக்கப்பட்டிருக்கிறது (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). எந்தக் கட்டையில் தொடங்கினாலும் வாசிக்க முடிய வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே செய்த விலகல் அது. கணிதம் படிக்கிறவள் என்பதால் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கீபோர்டே முழுசாகச் சரியில்லை என்று தெரிந்த அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

நம்ம ஊருக்குப் படிப்பில் ஒரு பெருமை உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதல் இடம். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் பிளஸ் டூவில் 600க்கு எவ்வளவு என்று கேட்கிற அதே வாயால் பாட்டையும் கேட்கிறோம். என் தோழி ஒருத்தி சர்ச் குயரில் பாடுவாள், கீபோர்டில் லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்துகிற கிரேடு தேர்வு எழுதுகிறாள். அந்தத் தேர்வில் 100க்கு 60 எடுத்தால் பாஸ், 75க்கு மெரிட், 87க்கு டிஸ்டிங்ஷன். தேர்வு நடத்துகிறவர்களே 87ஐ உச்ச வரிசையில் வைக்கிறார்கள். டிஸ்டிங்ஷன் வாங்கி வந்த பிள்ளையிடம் வீட்டில் கேட்டது, "மிச்ச மார்க்கு எங்க போச்சு?" அதே தேர்வை இப்போது வீடியோ எடுத்தும் அனுப்பலாம். பாட்டுகளை நடுவில் வெட்டாமல் ஒரே டேக்கில் வாசிக்க வேண்டும். அவள் எடுத்து எடுத்து அழிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். நன்றாக இருந்த டேக்குகளும் அதில் போயின.

பால் ஹெவிட், கோர்டன் ஃபிளெட் என்ற உளவியலாளர்கள் 1991இல் இந்தக் குணத்தை மூன்றாகப் பிரித்தார்கள். தன்னிடமே குறையில்லாமை கேட்பது ஒன்று, மற்றவர்களிடம் கேட்பது இன்னொன்று. மூன்றாவது, மற்றவர்கள் தன்னிடம் அதைக் கேட்கிறார்கள் என்று நம்புவது. 2019இல் வெளியான கரன், ஹில் ஆய்வு 1989 முதல் 2016 வரை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மாணவர்கள் 41,641 பேரின் பதில்களைச் சேர்த்துப் பார்த்தது. மூன்றும் கூடியிருந்தன, அதிகம் கூடியது அந்த மூன்றாவது. அது வேறு நாட்டுக் கணக்குதான். ஆனால் மிச்ச மார்க்கு எங்கே என்று கேட்கிற வீட்டில் வளர்கிற பிள்ளைக்குள் எது வளரும் என்று ஊகிக்க ஆய்வு வேண்டாம்.

நம்ம மண்ணிலேயே வேறு மாதிரி சங்கீதம் இருக்கிறதே! கோயில் கொடை விழாவுக்குப் போய் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். புலவர் வீசுகோலால் வில்லை அடித்துக் கதையை எடுப்பார், குடமும் உடுக்கையும் ஜால்ராவும் கூட வரும், பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" போடுவார்கள். சாமி வந்து ஆடத் தொடங்கினால் அதற்கேற்ப வேகம் ஏறும். கதை நீளும், சுருங்கும். விடிய விடியப் பாடுகிற தொண்டை நடுவில் கம்மும். அதை அப்படியே பின்பாட்டு தாங்கிக்கொள்ளும். நேற்றுப் பாடின மாதிரியே இன்றைக்கும் பாடு என்று சுடலைமாட சாமி கேட்பதில்லை. பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து வருஷம்தோறும் சரஸ்வதி அம்மன் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் போகிறாளே, அங்கே நவராத்திரி மண்டபக் கச்சேரியில் கைதட்டல் கிடையாது. பாட்டு அம்மனுக்கு, அவ்வளவுதான். எவ்வளவு பெரிய வித்வான் பாடினாலும் அங்கே உட்கார்ந்து யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

இதைப் படித்துவிட்டு, "அப்போ சுருதி விலகினாலும் பரவாயில்லையா?" என்று கேட்பார்கள். பரவாயில்லை என்று நான் சொல்லவே இல்லை. சுருதி சேராத வாசிப்பு எனக்கு இன்றும் உடம்பெல்லாம் கூசும். பிசகின இடத்தைத் தனியாக எடுத்து, காலத்தைக் குறைத்து, விரலுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அது உழைப்பு. முதலிலிருந்து முதலிலிருந்து என்று ஓடுவது உழைப்பு இல்லை, பயம். என் வயலின் சார் எனக்குப் போட்ட ஒரே கட்டளை, "சுரம் போனா போட்டும், தாளத்த விடாத. கடைசி வரைக்கும் போ." தாளம் போட்டபடி முன்னால் உட்கார்ந்திருப்பார், நான் நின்றாலும் அவர் கை நிற்காது. அந்தக் கைக்காகவே அட்டதாளம் என்கிற நீண்ட தாளத்தில் அமைந்த வர்ணங்களின் சரணம் வரைக்கும் போய்ச் சேர்ந்தேன். குறையே இருக்கக் கூடாது என்கிற அந்தக் குணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இந்தப் பதிவைக்கூட அழித்து அழித்துத்தான் எழுதுகிறேன். ஆனால் இப்போது ஜன்னல் திறந்திருக்கிறது.

பெற்றோர்களே, பிள்ளை பாதி கற்ற பாட்டை வாசிக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். திருத்தாதீர்கள், வீடியோ எடுக்காதீர்கள், சொந்தக்காரர் பிள்ளையின் பெயரை இழுக்காதீர்கள். வாத்தியார்களே, ஆண்டுவிழா மேடைக்கு முன்னால் குறையோடு வாசித்துப் பார்க்க ஒரு இடம் கொடுங்கள்.

நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கூடலாம் என்று இருக்கிறோம். முழுசாக வராத பாட்டைத்தான் கொண்டுவர வேண்டும், போன் கீழே இருக்க வேண்டும். கீர்த்தனை, சர்ச்சில் பாடுகிற ஞானப்பாட்டு, சினிமாப் பாட்டு, எதுவானாலும் சரி. வயலினும் கீபோர்டும் இருக்கிறது, மிருதங்கத்துக்குத்தான் ஆள் இல்லை. கற்றுக்கொண்டிருக்கிற பிள்ளைகள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.