ராஜா கையில் மறுபடி ஒரு கத்தி

லண்டன் கியூ தோட்டத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கண்ணாடி மாளிகையின் பனைமரங்களைப் பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். உள்ளேயே இருக்கிற கியூ அரண்மனையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம். தனிச் சீட்டுகூட வேண்டாம், தோட்டத்துச் சீட்டே போதும். என்ன, குளிர்காலத்தில் திறக்க மாட்டார்கள்.

1631-இல் ஒரு வணிகர் கட்டிய செங்கல் வீடு அது. பிறகு அரச குடும்பத்தின் கைக்கு வந்தது. பிரிட்டிஷ் அரண்மனைகளிலேயே சின்னது.

அந்தக் குடும்பத்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் என்றதும் 'அமெரிக்காவைக் கோட்டைவிட்ட பைத்தியக்கார ராஜா' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். நானும் அப்படிச் சொன்னவள்தான். இனி சொல்ல மாட்டேன்.

1788 கடைசியில் அவருக்குப் புத்தி பேதலித்தது. கியூவுக்குக் கொண்டுவந்து, வைத்தியம் என்ற பெயரில் கையை அசைக்க முடியாத சட்டையை மாட்டினார்கள், தோல் கொப்பளிக்கிற மருந்தைத் தடவினார்கள். அவரை வைத்திருந்த வீடு இந்த அரண்மனைக்கு எதிரிலேயே இருந்தது. 1802-இல் இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே புல்வெளியும் ஒரு சூரியக் கடிகாரமும்தான்.

அந்த வீட்டின் சமையற்கட்டு மட்டும் தப்பியது. 1818-இல் ராஜாவின் மனைவி ராணி சார்லட் இறந்தபின் அங்கே அடுப்பு எரியவில்லை. 2012-இல்தான் மக்களுக்குத் திறந்தார்கள். சுட்ட செங்கல் அடுப்புகள், வெட்டுத் தழும்போடு நீளமான மரமேசை. அங்கே நின்றபோதுதான் அந்தச் செய்தியைத் தெரிந்துகொண்டேன்: 1789 பிப்ரவரி 6 அன்று, ராஜா தேறி வருகிறார் என்று நம்பி, சாப்பிடும்போது கத்தியும் முள்கரண்டியும் மறுபடி கையில் கொடுத்தார்கள். ஒரு நாட்டுக்கே மன்னர். தன் தட்டில் இருக்கிற கறியைத் தானே வெட்டிக்கொள்ள, அடுத்தவர் அனுமதிக்காகக் காத்திருந்திருக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் அரண்மனை மாடியில் ராணியின் படுக்கையறை. விண்ட்சர் கோட்டைக்குப் போகும் வழியில் உடம்பு முடியாமல் இங்கேயே தங்கிவிட்டவர். அங்கிருக்கும் கறுப்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் பிரிந்தது என்கிறார்கள். அப்போது விண்ட்சரில் ராஜாவுக்குப் பார்வையும் இல்லை, நினைவும் தெளிவில்லை.

அதற்கும் மேல்மாடி இளவரசிகளுடையது. பல வருட வேலைக்குப் பிறகு 2006-இல் அரண்மனையைத் திறந்தபோதும், அந்த அறைகளுக்குப் புதுச் சாயம் அடிக்காமல் விட்டார்கள். அதுதான் சரி. வெறும் பலகைத் தரை, உரிந்த சுவர். ஜன்னலுக்கு வெளியே தோட்டம். படியேறக் கஷ்டமாக இருந்தாலும் அதுவரை போய்ப் பாருங்கள்.