1:9 என்பது உயரம் அல்ல, விகிதம்

பிரேயர் நிறுவனத்தின் பொம்மைக் குதிரைகளைப் பற்றி, "டிரடிஷனல் அளவு என்றால் 9 அங்குல உயரம், அதற்குக் குறைந்தால் போலி" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. இதை நம்பி யாரேனும் நல்ல பொம்மையைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

பிரேயரின் டிரடிஷனல் வரிசை ஏறக்குறைய 1:9 விகிதம். அதாவது உண்மைக் குதிரையின் அளவில் ஒன்பதில் ஒரு பங்கு. 16 ஹேண்ட், அதாவது 64 அங்குல உயரமுள்ள குதிரை இந்த விகிதத்தில் 7 அங்குலத்துக்குச் சற்று மேலே வரும். 40 அங்குல ஷெட்லாண்ட் மட்டக்குதிரை நாலரை அங்குலத்தைக்கூட எட்டாது. இரண்டும் ஒரே வரிசைதான், இரண்டும் அசல்தான்.

அளக்கும் இடமும் முக்கியம். குதிரையின் உயரத்தைக் காது நுனிவரை அளப்பதில்லை. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடுவரைதான். குளம்பின் அடியிலிருந்து அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்துங்கள், பீடத்தைச் சேர்க்காதீர்கள். முன்னங்கால் தூக்கி நிற்கும் பொம்மைக்கு இந்த அளவு பொருந்தாது. அங்கே தலையின் நீளத்தையோ உடலின் நீளத்தையோ ஒப்பிடுவதுதான் நியாயம்.

பொம்மை எதனால் செய்யப்பட்டது என்பதையும் மறந்துவிட்டீர்கள். களிமண் சூளையில் சுருங்கும். ஆகவே ஒரே மூலச் சிற்பத்திலிருந்து வார்த்த பீங்கான் குதிரை, ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் செயற்கைப் பிசின்) குதிரையைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சிறியதாக இருக்கும். ரெசினில் மட்டும் உங்கள் சந்தேகத்துக்குக் கொஞ்சம் இடமுண்டு: வார்ப்பிலிருந்து திருட்டு அச்சு எடுத்த நகல், அசலைவிடச் சற்றே சிறுத்துப்போவது வழக்கம். அதைக் கண்டுபிடிக்க அதே சிற்பத்தின் அசல் ரெசின் வார்ப்போடுதான் ஒப்பிட வேண்டும், 9 அங்குலத்தோடு அல்ல.