ஏ.எல்.பி. உயர்ந்தாலே கல்லீரல் கெட்டுவிட்டது என்று பொருள் அல்ல

வயதான சிறிய நாய்க்கு ரத்தப் பரிசோதனையில் ஏ.எல்.பி. அளவு உயர்ந்திருந்தால் கல்லீரல் செயலிழந்து வருகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அக்கறையோடு எழுதியிருக்கிறார் என்பது தெரிகிறது. ஆனால் தகவல் சரியல்ல.

ஏ.எல்.பி. என்பது அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி. கல்லீரல் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை அது அளப்பதில்லை. நாய்களின் உடலில் ஸ்டீராய்டு தூண்டிவிடும் தனி வகை ஏ.எல்.பி. ஒன்று உண்டு, பூனைகளுக்கு அது கிடையாது. ஆகவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, ஏன், ஸ்டீராய்டு கலந்த காதுச் சொட்டு மருந்துகூட அந்த எண்ணை ஏற்றிவிடும். வலிப்புக்குத் தரும் பீனோபார்பிட்டல், உடலே ஸ்டீராய்டை அதிகமாகச் சுரக்கும் குஷிங் நோய், முதுமையில் கல்லீரலில் தோன்றும் தீங்கற்ற முடிச்சுகள் ஆகியவையும் காரணமாகலாம். எங்கள் 12 வயது பொமரேனியனின் அறிக்கையில் அந்த ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. இரண்டு நாள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மருத்துவர் காதுச் சொட்டு மருந்தை மாற்றிக் கொடுத்தார். சில வாரங்களில் எண் இறங்கிவிட்டது.

நீங்களே சரிபார்க்கலாம். அதே அறிக்கையில் ஆல்புமின், பிலிரூபின், குளுக்கோஸ் வரிகளைப் பாருங்கள். கல்லீரலின் வேலையைப் பற்றிச் சொல்பவை அவைதான். ஐயம் தீரவில்லை என்றால் பித்த அமிலப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வெறும் வயிற்றில் ஒரு முறை, உணவு கொடுத்து 2 மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். மெர்க் கால்நடை மருத்துவக் கையேட்டிலும் இதைப் படிக்கலாம். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.